பிளாட்பாரத்தில் ஓர் ஓட்டை

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் என்னைத் தனியாக ஓரத்திற்கு அழைத்துச் சென்றார். ஏதோ குடும்ப விஷயமாக்கும் என்று நினைத்தேன். "சார், நீங்க ரயில்வே இன்ஜினியர். ஒரு யோசனை சொல்லணும். பிளாட்பாரத்துல ரெண்டு ஓட்டை போடணும். எந்த மெஷின் வாங்கலாம்?" என்றார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர் யாராவது இதைக் கேட்டிருந்தால் திகைத்துப் போயிருப்பார். மும்பைப் பக்கத்தில் சமையல் மேடைக்குப் பிளாட்பாரம் என்று பெயர் என்பது நமக்குத் தெரியும். நான் 37 வருடம் ஒரு வகைப் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றேன். ஓய்வு பெற்றபின் இன்னொரு வகைப் பிளாட்பாரத்தின் ஓரத்தில், கரண்டியுடன் நிற்கிறேன்.

நண்பர் வீட்டில் ஏற்கெனவே கிரானைட் மேடை இருக்கிறது. மேலே வைக்கும் காஸ் அடுப்பை எடுத்துவிட்டு, மேடைக்குள் பதிக்கும் ஹாப் வாங்கப் போகிறார். சிங்க்கையும் பெரிதாக்க வேண்டுமாம். மிஸ்திரி கேட்ட கூலி அதிகம் என்று தோன்றியதால், அந்தப் பணத்தில் மெஷினையே வாங்கி நாமே வெட்டிவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டிருக்கிறார். காபி ஆறுவதற்குள் நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற 2019-ஆம் வருடக் கடைசியில் டோம்பிவிலி வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தோம். 18 மி.மீ. தடிமனுள்ள கறுப்புக் கல். வேலைக்கு வந்தவர் கைத்தேர்ச்சி உள்ளவர்தான். ஒரு மணி நேரத்தில் ஹாப்புக்கான சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டார். நான்கு மூலையும் பென்சில் கோடு போலக் கூர்மையாக வந்திருந்தன. நானும் பக்கத்தில் நின்று பார்த்து, "சபாஷ்" என்று சொன்னேன். மூலைகளைத் தாண்டி மேல்பரப்பில் பிளேடு ஓடியிருந்த சிறு கோடுகளை அவர் கறுப்புப் பசை பூசி மறைத்தார். அதையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

2020 ஜூனில், ஊரடங்கின்போது, "ஏங்க, இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு, துடைச்சா போகமாட்டேங்குது" என்று என் மனைவி கூப்பிட்டாள். முடி இல்லை, விரிசல். ஹாப்பின் முன்பக்க மூலையிலிருந்து புறப்பட்டு மேடையின் விளிம்புவரை வந்திருந்தது. மிஸ்திரியைக் கூப்பிட வழியில்லாத நேரம். நான்கு மாதம் அந்த இடத்தில் பாத்திரம் வைக்காமல், தண்ணீர் படாமல் காலம் தள்ளினோம். கடைசியில் கல்லையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு உறைத்தது பணம் மட்டுமல்ல. என் உத்தியோகமே தண்டவாளத்தில் விரிசல் பார்ப்பது. இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் இடத்தில் பிஷ்பிளேட் வைத்து போல்ட் போடுவார்கள். அந்த போல்ட் ஓட்டைகளிலிருந்துதான் நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். அதனால்தான் தண்டவாளத்தில் ஓட்டையைத் துரப்பணத்தால் மட்டுமே போட வேண்டும், காஸ் வைத்து எரித்துப் போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஓட்டையின் விளிம்பையும் சாய்த்துத் தேய்த்து மழுங்கச் செய்வோம். இதை எத்தனையோ கேங்மேன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், சொந்த வீட்டில் கூரான மூலையைப் பார்த்துச் சபாஷ் போட்டேன்!

ஒரு தகட்டில் வட்டமான ஓட்டை இருந்து அந்தத் தகட்டை இழுத்தால், ஓட்டையின் ஓரத்தில் இழுவிசை மற்ற இடத்தைப்போல 3 மடங்கு ஆகும். இது பொறியியல் பாடத்தில் வரும் பழைய கணக்கு. ஓட்டை வட்டமாக இல்லாமல் கூரான வெட்டாக இருந்தால் 3 மடங்கோடு நிற்காது. வெட்டு எவ்வளவு நீளமோ, முனை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு ஏறும். இதை 1913-இல் கணக்கிட்டுக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் கற்பித்த சார்லஸ் இங்லிஸ். ரயில் பாலங்களின் அதிர்வு பற்றி 1934-இல் புத்தகம் எழுதியவரும் இவரே என்பதால் எங்கள் துறைக்கு வேண்டியவர். எஃகு என்றால் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும். கல் வளைந்து கொடுக்காது. மேலிருந்து அமுக்கினால் எத்தனை பாரமும் தாங்கும் கிரானைட், இழுவைக்கு மிகவும் பலவீனம். மேடைக்கல் தன் எடையால் சற்றே தொய்ந்தாலும், ஹாப் சூட்டில் ஒரு பக்கம் மட்டும் விரிந்தாலும், அந்த இழுவை முழுவதும் கூரான மூலையில் போய்ச் சேருகிறது.

எனவே எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன், மூலையை எப்படி வெட்டப் போகிறோம் என்று கேட்க வேண்டும். ஏனென்றால், வட்டமான பிளேடால் மூலையை வெட்டவே முடியாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. கடையில் கிடைக்கும் மார்பிள் கட்டரின் பிளேடு 110 மி.மீ. விட்டம் உள்ளது. 18 மி.மீ. கல்லைத் துளைத்து அடியில் 2 மி.மீ. வெளியே வரும்படி வைத்தால், பிளேடு கல்லின் மேல்பரப்பில் மையத்திலிருந்து 42 மி.மீ. தூரம் வெட்டும். அடிப்பரப்பில் 15 மி.மீ.கூட வெட்டாது. அடியில் மூலைவரை வெட்டு சேர வேண்டுமானால், மேலே மூலையைத் தாண்டி ஏறக்குறைய 28 மி.மீ. ஓடியே தீர வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல்! ஒவ்வொரு மூலையிலும் இப்படி இரண்டு. பசை பூசி மறைத்தாரே, அவைதான் இவை. மிஸ்திரியின் கைக்குறை அல்ல இது. அந்தக் கருவியின் வடிவமே அப்படி.

இதற்கு மாற்று, மூலையை முதலில் வட்டமாகத் துளைத்துக்கொள்வது. அதற்கான கருவி கோர் பிட். ஒரு குழாயின் வாயில் வைரத்தூள் பதித்தது போல இருக்கும். 35 மி.மீ. அளவு ஒன்று வாங்கினால் போதும். சிங்க் பக்கம் வைக்கும் ஒற்றைத் துளைக் குழாய்களுக்கும் பொதுவாக இதே அளவுதான் வேண்டும். மூலைத் துளையின் விளிம்பு இரண்டு கோடுகளையும் உள்பக்கமாகத் தொட்டு நிற்கும்படி இடம் குறிக்க வேண்டும், அதாவது துளையின் மையம் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் 17.5 மி.மீ. உள்ளே. ஆனால் அதற்கு முன் ஹாப்பைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பெட்டியின் மூலை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெட்டியின் மூலை கூராக இருந்தால் 35 மி.மீ. வளைவில் இடிக்கும். அப்போது 12 மி.மீ. வைர பிட்டால் துளைக்க வேண்டியதுதான். சிறிய வளைவானாலும் கூர்மூலைக்கு எவ்வளவோ மேல்.

கோர் பிட்டைச் சாதாரண டிரில் மெஷினில் மாட்டலாம். சுவரில் ஓட்டை போடும்போது தட்டித் தட்டித் துளைக்கும் ஹாமர் விசையை மட்டும் அணைத்துவிட வேண்டும். கல்லைத் தட்டினால் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். வேகம் நிமிடத்திற்கு 1000 சுற்றுக்குள் இருக்கட்டும். பிட்டுக்கு நடுவில் ஊசி கிடையாது என்பதால் ஆரம்பத்தில் பளபளப்பான கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு பிளைவுட் துண்டில் 35 மி.மீ. ஓட்டை போட்டு அதைக் கல்மேல் இறுக்கி வைத்து, அந்த ஓட்டைக்குள் பிட்டை இறக்கினால் ஓடாது. தண்ணீர் நிற்பதற்குத் துளையைச் சுற்றிச் சப்பாத்தி மாவை வரப்பு போலக் கட்டிவிடலாம். இது நான் கண்டுபிடித்ததல்ல, இரண்டாம் முறை வந்த மிஸ்திரி என் மனைவியிடம் ஒரு கைப்பிடி மாவு கேட்டு வாங்கிச் செய்தது.

இனி நேர்க்கோடுகள். இதற்கு இரண்டு மெஷின்களைக் கடைக்காரர் காட்டுவார். ஒன்று மார்பிள் கட்டர், மற்றது ஆங்கிள் கிரைண்டர். (கிரைண்டர் என்றதும் இட்லி மாவு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) மார்பிள் கட்டருக்கு அடியில் தட்டையான பலகை இருக்கும். அது கல்மேல் படிந்து நகர்வதால் வெட்டு ஆடாது, ஆழத்தையும் திருகி நிலைநிறுத்தலாம். ஆங்கிள் கிரைண்டருக்கு அந்தப் பலகை கிடையாது, கை எப்படிச் சாய்கிறதோ வெட்டும் அப்படிச் சாயும். எனவே நீள வெட்டுக்கு மார்பிள் கட்டர், மூலையில் மிச்சம் இருப்பதைக் கொறித்து எடுக்கவும் விளிம்பைத் தேய்க்கவும் கிரைண்டர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்குபவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளேடு விஷயத்தில்தான் நான் சற்றுப் பிடிவாதக்காரன். பல் பல்லாக இடைவெளி விட்ட பிளேடு வேகமாக வெட்டும், ஆனால் பளபளப்பான முகத்தில் ஓரம் சிதறும். இடைவெளியே இல்லாத முழு விளிம்புப் பிளேடு மெதுவாகத்தான் போகும், தண்ணீர் கட்டாயம், ஆனால் ஓரம் சுத்தமாக வரும். இரண்டுக்கும் நடுவே டர்போ என்று ஒன்று, விளிம்பில் சாய்ந்த வரிகள் இருக்கும். ஹாப்பின் சட்டம் ஓரத்தை மூடிவிடும் என்பதால் அதற்கு டர்போ போதும். கல்லுக்கு அடியில் மாட்டும் சிங்க் என்றால் வெட்டிய ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், முழு விளிம்புதான் வேண்டும். மிஸ்திரி தன் பையிலிருந்து எடுக்கும் பிளேடு ஐந்து வீடுகளில் தேய்ந்தது. தேய்ந்த பிளேடை அமுக்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும், அமுக்கினால் கல் உடையும். ஆகவே மெஷின் அவருடையதாக இருக்கட்டும், பிளேடும் கோர் பிட்டும் நம்முடையதாக இருக்கட்டும் என்பது என் கட்சி. சில நூறு ரூபாய் விஷயம். ஒரே ஒரு சமையலறைக்காக மெஷின் வாங்குவது, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக ரயில் பெட்டி வாங்குவது போல.

பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று வேகம் அச்சிட்டிருக்கும். அது மெஷினின் வேகத்துக்குக் குறையக்கூடாது. இந்த மெஷின்கள் நிமிடத்திற்கு 13,000 சுற்று வரை சுழலுகின்றன. 110 மி.மீ. பிளேடின் விளிம்பு அப்போது மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகமே 180தான். அந்த வேகத்தில் ஒரு துண்டு பெயர்ந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிளேடு மேல் உள்ள காப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்பவரை நான் என் வீட்டில் அனுமதிப்பதில்லை. மரம் அறுக்கும் பற்கள் கொண்ட பிளேடைக் கிரைண்டரில் மாட்டுபவர்களும் உண்டு. பல் மரத்தில் மாட்டிக்கொண்ட கணத்தில் மெஷின் கையைவிட்டுத் திமிறும். விரல் போனவர்களை நான் ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன்.

வெட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாப்பும் சிங்க்கும் வீட்டுக்கு வந்து சேரும்வரை கோடு போடாதீர்கள். புத்தகத்தில் உள்ள அளவையும் சாமானையும் இரண்டையும் அளந்து பாருங்கள். கல்லின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு. நான்கு மூலையும் துளைத்தபின் வெட்டு. ஒரே மூச்சில் 18 மி.மீ. இறக்காமல் 5, 6 மி.மீ. வீதம் மூன்று நான்கு ஓட்டம். மேல்பரப்பில் வெட்டு மூலைத் துளையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அடியில் இன்னும் கல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதுதான் முன்பு சொன்ன 28 மி.மீ. கணக்கு. கல் இன்னும் மேடையில் ஒட்டப்படாமல் இருந்தால் திருப்பிப் போட்டு அடியிலிருந்தும் இதேபோல வெட்டலாம். அப்போதும் நடுத் தடிமனில் ஒரு சிறு நாக்கு மிஞ்சும். ஒட்டிய கல் என்றால் நடுக்கல்லைச் சற்று உள்ளே தள்ளி வெட்டி எடுத்துவிட்டு, மூலையில் மிஞ்சியதைக் கிரைண்டரால் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான், ஒரு மூலைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

நடுக்கல் விழுவதைப் பற்றியும் நினைக்க வேண்டும். 56 செ.மீ. நீளம், 48 செ.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன் என்றால் அந்தத் துண்டு 13 கிலோ எடை. கடைசி வெட்டு முடியும்முன் தன் பாரத்தில் தொங்கி, விடாமல் இருக்கும் மூலையைப் பிய்த்துக்கொண்டு விழும். கீழே ஸ்டூலும் செங்கல்லும் அடுக்கி அண்டை கொடுத்துவிட வேண்டும். 24 அங்குல மேடை 610 மி.மீ. அகலம். அதில் 480 போனால் முன்னும் பின்னுமாக 65, 65 மி.மீ. பட்டைதான் மிச்சம். அந்தப் பட்டைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா என்று வெட்டும் முன்பே குனிந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் கல்லுக்கு அடியில் கம்பி போட்ட கான்கிரீட் பலகை இருப்பதுண்டு. அப்படியானால் இது மிஸ்திரி மட்டும் முடிவு செய்யும் வேலை அல்ல.

கல் இல்லாமல், பிளைவுட் அல்லது துகள் பலகைமேல் லாமினேட் ஒட்டிய மேடை என்றால் கதை எளிது. மூலைகளில் 10, 12 மி.மீ. துளை, பிறகு ஜிக்ஸா. ஜிக்ஸாவின் சாதாரண பிளேடு மேல்நோக்கி அறுப்பதால் மேல் லாமினேட் பெயரும். பல் கீழ்நோக்கி உள்ள பிளேடு கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தில் சிலிக்கோன் பூசாமல் விட்டால் சிங்க் தண்ணீர் உறிஞ்சி இரண்டு மழைக்காலத்தில் பலகை ஊதிவிடும்.

மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேரும் வேலை இது. பிளக் இல்லாமல் வயர் நுனியைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் வித்தையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். மீட்டர் பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். இல்லாத வீட்டில் தண்ணீர் ஊற்றி வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

தண்ணீர் இல்லாமல் வெட்டினால் என்ன என்று நண்பர் கேட்டார், அலமாரி நனைந்துவிடுமாம். புதுக் கல்லைப் பொருத்த வந்த மிஸ்திரி ராஜஸ்தான்காரர், வயது முப்பதுக்கு மேல் இருக்கும். முகத்தில் நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டார். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். அண்ணன் இருக்கிறாராம், கல் குவாரியில் வேலை பார்த்தவர், இப்போது பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாராம். சிலிகோசிஸ் என்று அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. ராஜஸ்தான் அரசு அந்த நோய்க்கென்று 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கிறது. நாம் கறுப்பு கிரானைட் என்று வாங்குவது பெரும்பாலும் நிலவியல் கணக்கில் கிரானைட்டே அல்ல, அதில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் இப்போது நாகரிகமாகிவிட்ட செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும். அதை வெட்டிய இளம் தொழிலாளிகளுக்கு நுரையீரல் போனதைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தூசு தரையில் விழுந்துவிடும். தெரியாத தூசுதான் உள்ளே போய்த் தங்குகிறது. துண்டு அதைத் தடுக்காது.

ஊரடங்குக் காலத்தில் வாங்கிய என்-95 முகமூடிகள் வீட்டில் கிடந்தன. ஒன்றைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போட்டுக்கொண்டால்தான் மெஷினுக்குக் கரண்ட்" என்று சொல்லி ஸ்விட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். என் மனைவி பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். அலமாரிக்குப் பழைய பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிவிட்டிருந்தோம், உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. நான்கு மூலைக்கும் சேர்த்து அரைநாள் ஆயிற்று. கூலி முதல் முறை கொடுத்ததைவிட 800 ரூபாய் அதிகம். போகும்போது மீதி முகமூடிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நண்பர் இன்னும் ஹாப் வாங்கவில்லையாம். வாங்கிய பிறகு என் கோர் பிட்டை எடுத்துக்கொண்டு போகலாம், கடன்தான், திருப்பித் தந்துவிட வேண்டும். வெட்டி எடுக்கும் நடுக்கல்லை மட்டும் மிஸ்திரியிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுத் துண்டின் ஓரத்தைத் தேய்த்து அடியில் நான்கு ரப்பர் பொத்தான் ஒட்டியிருக்கிறோம். சப்பாத்தி அதன்மேல்தான் இடுகிறோம், பலகையில் ஒட்டுவதுபோல ஒட்டுவதில்லை.